இரண்டாவது கார்: கைமுதலைத் தொடாமல் வாங்குவது எப்படி?

மாத்தளை நகரிலும் உக்குவளை, ரத்தோட்டை, கலேவளை, தம்புள்ளை போன்ற இடங்களிலும் தொழில் செய்யும் நமது வியாபாரிகள் பலரிடம் ஏற்கனவே ஒரு வாகனம் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு வேன் அல்லது சிறிய லொறி. காலையில் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கோ, தோட்டங்களில் மிளகு, கராம்பு எடுப்பதற்கோ அது புறப்பட்டு விட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு வாகனம் இல்லை. பிள்ளைகளின் பாடசாலை, ரியூஷன் வகுப்பு, உம்மா வாப்பாவின் கிளினிக், கலியாண வீடு, மையித்து வீடு என எல்லாவற்றுக்கும் முச்சக்கர வண்டியைத்தான் அழைக்க வேண்டும். "இன்னுமொரு சின்னக் கார் எடுத்தால் என்ன?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

இந்தக் கேள்வியை என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் வாகன வியாபாரி அல்ல. சாமான் கொள்வனவுக்காக நீண்ட காலமாக இம்மாவட்டத்தின் பாதைகளில் ஓடித் திரிபவன், சில வாகனங்களை வாங்கியும் விற்றும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தை மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். முதல் வாகனம் உழைத்துத் தருகிறது. இரண்டாவது கார் செலவு மட்டும்தான் வைக்கும். எனவே அது எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் கடையின் கைமுதலை எடுத்து அதில் போடக் கூடாது. பத்து இலட்சம் ரூபா முதலை வருடத்துக்கு நான்கு தடவை சுழற்றி, ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு 5 வீதம் இலாபம் எடுக்கும் ஒருவருக்கு அந்தப் பணம் வருடத்துக்கு 2 இலட்சம் உழைத்துக் கொடுக்கிறது. அதே பத்து இலட்சத்தைக் காருக்குள் கூடுதலாகப் போட்டால் அந்த 2 இலட்சம் போய்விடும். மிளகு சீசன் வரும்போது கையில் காசில்லாமல் பக்கத்துக் கடைக்காரர் மூடை மூடையாக வாங்குவதைப் பார்த்துக் கொண்டிருக்கவும் நேரிடும்.

தேவையா, ஆசையா?

கார் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு மாதங்களுக்கு முச்சக்கர வண்டிக்கும் வாடகை வாகனங்களுக்கும் கொடுத்த பணத்தை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். காருக்கான காப்புறுதி, வருமான அனுமதிப் பத்திரம், டயர், சேர்விஸ், பெற்றோல் ஆகியவற்றை மாதக் கணக்காக்கி அதனுடன் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் வீட்டாரின் வசதிக்காகக் கார் எடுப்பதில் நியாயம் உண்டு. கார்ச் செலவு இரண்டு மூன்று மடங்காக வந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுப்பது நல்லது.

"கார் என்பது முதலீடுதானே, பிறகு கூடிய விலைக்கு விற்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிதாக வாகனம் வராததால் பாவித்த கார்களின் விலை ஏறியது. சில வருடங்கள் ஓடிய காரை வாங்கிய விலையை விடக் கூட்டி விற்றவர்களை நாம் எல்லோரும் கண்டோம். ஆனால் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. கதவு மூடியிருந்த காலத்து இலாபத்தைக் கதவு திறந்த பின்னரும் எதிர்பார்ப்பது புத்திசாலித்தனமல்ல. கார் என்பது ஓட ஓடத் தேயும் பொருள். அப்படி நினைத்தே வாங்குங்கள்.

எந்தக் கார்?

நமது தேவைக்கு நாலு பேர் போகக்கூடிய, 1000 சீசீக்கு உட்பட்ட கார் போதும். மாருதி 800, சுசுகி அல்டோ, நிசான் மார்ச், டொயோட்டா விட்ஸ், வெகன் ஆர் என்பன நமது பக்கத்தில் அதிகம் ஓடுபவை. மாருதி 800 காரின் உற்பத்தி இந்தியாவில் 2014 இல் நிறுத்தப்பட்டது. மார்ச்சின் கே11 வகை 2002 வரையில்தான் ஜப்பானில் வந்தது. பழசுதான். ஆனால் எந்தக் கராஜிலும் இவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் இருக்கிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப்பாகமும் தேடி எடுக்கலாம். அரிதான ஒரு கார் மலிவாகக் கிடைக்கிறதென்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள். ஒரு கண்ணாடி உடைந்தாலே மாதக் கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

பெற்றோல் மிச்சம் பற்றியும் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக் கார் மாதம் 800 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்துக் கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் போகும் காருக்குச் சுமார் 67 லீற்றர் வேண்டும். 16 கிலோமீற்றர் போகும் காருக்கு 50 லீற்றர் போதும். வருடத்துக்கு வித்தியாசம் 200 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால் 60 ஆயிரம் ரூபா மிச்சம். அந்த மிச்சத்துக்காக 5 இலட்சம் ரூபா கூடக் கொடுத்தால் போட்ட பணம் திரும்பி வர எட்டு வருடத்துக்கு மேலாகும். அதேநேரம் 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியதையும், பிறகு கியூஆர் முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் மட்டும் தந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆகவே சின்ன எஞ்சின் கார் நல்லதுதான். அதற்காக ஹைபிரிட் காருக்குப் பெரும் பணம் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அக்குவா போன்ற பெரிய பெற்றரி உள்ள பழைய ஹைபிரிட் காரில் பெற்றரி பழுதானால் பல வருடத்துப் பெற்றோல் மிச்சம் ஒரே நாளில் போய்விடும். பெற்றரியைக் கணினியில் பரிசோதிக்காமல் அத்தகைய காரை எடுக்க வேண்டாம்.

பார்வையிடும்போது

காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் நனைந்த காரிலும், கழுவி ஈரம் காயாத காரிலும் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. போவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் புகையும் சத்தமும் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். 50 ஆயிரம் கிலோமீற்றர் என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் றப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழுவழுவென்று மினுங்கினால் கணக்கு எங்கோ பிழைக்கிறது. ஜப்பானில் பாவித்து இங்கு வந்த காரென்றால் அங்குள்ள ஏல விற்பனைத் தாளைக் கேட்டுப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்த டயர். பூ நன்றாக இருந்தாலும் பழைய டயர் மலைப் பாதைக்கு உதவாது. மாருதி 800, அல்டோ 800 கார்களின் எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மாத்தளை நகரைச் சுற்றி வருவது போதாது. நாலு பேரை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டுக் கொண்டு ரத்தோட்டையைத் தாண்டி ரிவஸ்டன் பக்கம் கொஞ்சத் தூரம் ஏறுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சூடு ஏறுகிறதா, கியர் வழுக்குகிறதா, ஓட்டோ கியர் காரென்றால் உதறுகிறதா என்று கவனியுங்கள். மேலே நிறுத்தி பத்து நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள். இறங்கி வரும்போது பிரேக்கைப் பாருங்கள். இந்த ஒரு பயணம் தரகரின் ஒரு மணித்தியாலப் பேச்சை விட அதிகம் சொல்லும். நம்பிக்கையான பாஸ் ஒருவரையும் கூட்டிச் சென்று அவருக்குரிய கூலியைக் கொடுத்து விடுங்கள். விற்பவரே கூட்டி வரும் பாஸ் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற கார்

இப்போது இதில் விசேட கவனம் தேவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் நாட்டின் பல மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மத்திய மலைநாடும் பெரும் அழிவைக் கண்டது. அதற்கு முன்னரும் பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகரம் பல தடவை தண்ணீரில் நின்றதை அவ்வழியால் கண்டிக்குப் போய் வரும் நாம் அறிவோம். வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி, உள்ளே புது விரிப்புப் போட்டு விட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. சில மாதங்களுக்குப் பிறகுதான் வயர்களும் கம்பியூட்டர் பெட்டியும் ஒவ்வொன்றாகக் கைவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மேலதிக டயர் வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா, சீட்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா, முன் விளக்குக்குள் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடிகளை மூடிக் கொஞ்ச நேரம் உள்ளே இருந்து பார்த்தால் பூஞ்சை வாடை வரும். கடும் வாசனைத் திரவியம் தொங்க விட்டிருந்தால் அதுவும் ஒரு அடையாளம்தான்.

புத்தகம் சரியாக இருக்க வேண்டும்

எஞ்சின் பழுதைக் காசால் திருத்தலாம். புத்தகத்தில் உள்ள சிக்கலைத் திருத்துவது கஷ்டம். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் காரில் உள்ளவற்றுடன் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்து விடுவித்த கடிதம் கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வாகனத்தின் பதிவு விபரங்களைப் பெற்றுப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பானது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி, வருமான அனுமதிப் பத்திரம் மூன்றிலும் திகதிகளைப் பாருங்கள்.

நம்மவர்களிடம் உள்ள பெரிய குறை "ஓப்பன் பேப்பர்" வியாபாரம். பதிவு உரிமையாளர் கையொப்பம் வைத்த படிவத்தில் வாங்குபவரின் பெயரை எழுதாமலே கார் மூன்று நாலு கை மாறி விடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இப்படி ஒரு கார் எடுத்து இரண்டு வருடம் ஓடினார். பெயர் மாற்றப் போனபோது பதிவு உரிமையாளர் வபாத்தாகியிருந்தார். பிள்ளைகள் ஐந்து பேர், ஒருவர் வெளிநாட்டில். அவர்கள் எல்லோரையும் தேடி அலைந்து, சட்டத்தரணிக்கும் செலவழித்து முடிக்கும்போது கார் மலிவாகக் கிடைத்தது என்ற சந்தோசம் போய்விட்டது. விற்பவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. தன் பெயரில் உள்ள கார் எங்கோ விபத்துக்குள்ளானால் முதலில் தேடி வருவது அவரைத்தான். ஆகவே பணம் கொடுக்கும் அதே நாளில் இரு தரப்பும் படிவங்களைப் பூரணமாக நிரப்பி, அடையாள அட்டைப் பிரதிகளுடன் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்து விடுங்கள்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

காருக்கென்று ஒதுக்கிய பணம் நூறு ரூபா என்றால் எழுபத்தைந்து ரூபாவுக்கு மேல் காரின் விலைக்குக் கொடுக்க வேண்டாம். பதினைந்து ரூபாவை முதல் வருடத் திருத்த வேலைகளுக்கும், பத்து ரூபாவைப் பெயர் மாற்றம், காப்புறுதி என்பவற்றுக்கும் வையுங்கள். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்து விட்டு, முதல் மாதமே டயருக்கும் பெற்றரிக்கும் கடை லாச்சியில் கை வைப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

வெளிப் பணம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் மாதத் தவணையைக் கடையின் மந்தமான மாத வருமானத்தை வைத்துத் தீர்மானியுங்கள். சீசன் மாதத்து வருமானம் எல்லா மாதமும் வராது. வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு இன்று வழி இருக்கிறது. 2011 இல் அமானா வங்கி ஆரம்பித்ததுடன், வேறு நிறுவனங்களின் இஸ்லாமிய நிதிப் பிரிவுகளிலும் இஜாரா முறையில் வாகனம் எடுக்கலாம். எந்த முறையானாலும் காரின் வயதுக்குக் கட்டுப்பாடு உண்டா, மொத்தமாக எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும், தவணை பிந்தினால் என்ன நடக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற்றுக் கொள்ளுங்கள்.

கார் வீட்டுக்கு வந்த பிறகு அதன் செலவைக் கடைக் கணக்கில் கலக்காதீர்கள். வீட்டுக் காருக்குத் தனிக் கொப்பி ஒன்று போதும். எஞ்சின் ஒயிலையும் பில்டர்களையும் முதல் வாரத்திலேயே மாற்றி, மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் அதில் எழுதி வையுங்கள். நாளைக்கு இந்தக் காரை நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் கேட்கப் போவதும் அந்தக் கொப்பியைத்தான். காரில் உள்ள குறையை அவரிடம் மறைக்காமல் சொல்லி விற்பதும் நமது பொறுப்பு என்பதை மறந்து விடக் கூடாது.