நந்தியிலிருந்து கத்தர் வரை

தெலுங்குத் திரையுலகின் அரசு விருதான நந்தி 1964-இல் தொடங்கியது. லேபாட்சியில் ஒரே கல்லில் செதுக்கிய நந்திதான் அதற்குப் பெயர் தந்தது. சிறந்த படத்துக்குத் தங்க நந்தி, அடுத்ததற்கு வெள்ளி. 2014-இல் ஆந்திரப் பிரதேசம் பிரிந்தபின் விருது தள்ளிப்போனது. 2017-இல் மூன்று ஆண்டு விருதுகளைச் சேர்த்து அறிவித்தபோது, தேர்வில் பாரபட்சம் என்று சர்ச்சை வெடித்தது.

தெலங்கானா தன் விருதுக்கு மக்கள் பாடகர் கத்தரின் பெயரை வைத்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். தோளில் கம்பளியும் கையில் கோலும் காலில் சலங்கையுமாக மேடையேறியவர். 2023 ஆகஸ்டில் மறைந்தார். முதல் விழா 2025 ஜூன் 14 அன்று ஹைதராபாதில் நடந்தது. ‘புஷ்பா 2’ படத்துக்காக அல்லு அர்ஜுன் சிறந்த நடிகரானார். பேரும் புகழும் தேடாத கலைஞரை நினைவுகூர்வது நல்ல தொடக்கம். தெருப்பாடகர்களுக்கும் அந்த மேடையில் இடம் வேண்டும்.

விருது யாருக்குப் போகிறது என்பதை விதிகளே முடிவு செய்கின்றன. 2023-இல் ‘நாட்டு நாட்டு’ என்ற தெலுங்குத் திரைப்பாடல் ஆஸ்கர் வென்றபோது சிலை இசையமைப்பாளர் கீரவாணிக்கும் பாடலாசிரியர் சந்திரபோசுக்கும் கிடைத்தது. அந்தப் பிரிவில் பாடியவர்களுக்குப் பங்கில்லை. ஹைதராபாத் இளைஞர் ராகுல் சிப்ளிகஞ்ச், கால பைரவாவுடன் ஆஸ்கர் மேடையிலேயே அதைப் பாடினார். 2019-இல் தெலுங்கு பிக் பாஸ் பட்டம் வென்று வீடுதோறும் அறிமுகமானவர் அவர். உலகமே ஆடிய அசைவுகளை அமைத்த பிரேம் ரக்ஷித்துக்கோ, நடன அமைப்புக்கென்று ஆஸ்கரில் பிரிவே இல்லை.