ஓய்ந்த கை நடுங்குவது ஏன்?

முதுமை வந்தால் கை நடுங்கத்தான் செய்யும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நடுக்கமெல்லாம் ஒன்றல்ல. காபிக் குவளையை எடுக்கும்போது நடுங்கும் கை வேறு. மடிமீது ஓய்ந்திருக்கையில் நடுங்கி, ஒரு பொருளைப் பற்றியதும் அடங்கும் கை வேறு. பின்னது பார்க்கின்சன் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் இந்நோயை விரித்தெழுதினார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவது போல நொடிக்கு 4 முதல் 6 முறை அசையும். நடை தளரும், கையெழுத்துச் சிறுத்துப்போகும்.

நடுங்குவது கையேயாயினும் குறை மூளையில் உள்ளது. நடுமூளையில் கருநிறம் வாய்ந்த சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமீன் என்னும் பொருளைச் சுரந்து, உடலசைவை ஒழுங்கு செய்யும் பகுதிக்கு அனுப்புகின்றன. இந்நோயில் அவ்வணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. பெருமளவு அழிந்த பின்னரே நோய் வெளிப்படுகிறது.

1957 இல் சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலுள்ள ரெசர்பின் என்னும் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபாவைச் செலுத்தியதும் மீண்டும் நடமாடின. 1960 இல் வியன்னா அறிஞர்கள், இந்நோயுற்று இறந்தவர்களின் மூளையில் டோபமீன் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர்.

டோபமீனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது. லெவோடோபா புகும், புகுந்து டோபமீனாக மாறும். பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளை 1937 இல் தாமோதரன், இராமசாமி என்னும் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அதற்காக விதையை நாமே அளவறியாது உண்பது தீங்காகும்.

இம்மருந்து உடலின் விறைப்பையும் மந்தத்தையும் நன்கு தணிக்கும். நடுக்கம் சிலருக்கு முழுதும் அடங்குவதில்லை. அணுக்களின் அழிவை இது தடுப்பதுமில்லை. ஆயினும் பல ஆண்டுகள் தம் வேலையைத் தாமே செய்துகொள்ள இது துணைபுரிகிறது. மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து.

வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் நம்முடன் வாழும் பெற்றோர், தம் நிலையை மருத்துவருக்கு உணர்த்த இடர்ப்படுவர். ஆதலின் நாம் உடன்செல்ல வேண்டும். நடுக்கம் ஓய்விலா, வேலையிலா? முதலில் எந்தக் கையில் தோன்றியது? வேறு மருந்து ஏதேனும் உண்கிறாரா? சில மருந்துகளும் இத்தகைய நடுக்கத்தைத் தரும். இவற்றைக் குறித்துவைத்துச் சொன்னால், நோயை அறிவது மருத்துவருக்கு எளிதாகும்.