பிர்பிரைட்: ஒரு கழிவுநீர்க் குழாய் யாருடைய பொறுப்பு?

வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வந்து, மாடு தீனி எடுக்காமல் நிற்கும் கோமாரி நோயை நம் கிராமத்தார் நன்கறிவர். அந்நோய்க்கான உலகக் குறிப்பு ஆய்வகம் லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்துப் பிர்பிரைட் கிராமத்தில் இருக்கிறது. 1924 முதல் அங்கு கோமாரி ஆராய்ச்சி நடக்கிறது. நோயைத் தடுக்க அமைந்த அந்த வளாகத்திலிருந்தே 2007இல் நோய் வெளியேறியது. காரணம் அறிவியல் குறைபாடு மட்டுமல்ல, நிர்வாகக் குறைபாடும்தான்.

2007 ஆகஸ்டு 3 அன்று, அருகிலிருந்த ஒரு பண்ணையின் மாடுகளுக்குக் கோமாரி உறுதியானது. கிருமியோ 1967இல் பிரிட்டனில் பிரித்தெடுக்கப்பட்ட பழைய வகை. அது அப்போது உலகில் எங்கும் கால்நடைகளிடையே பரவியிருக்கவில்லை, ஆய்வகங்களில்தான் இருந்தது.

வளாகத்தில் அரசு நிதி பெறும் விலங்கு நல ஆய்வு நிறுவனமும், தடுப்பூசி தயாரிக்கும் மெரியல் என்ற தனியார் நிறுவனமும் இருந்தன. இரண்டின் கழிவுநீரும் முதலில் கட்டடத்திலேயே கிருமிநீக்கம் செய்யப்பட்டு, பின் பொதுக் குழாய் வழியே இறுதிச் சுத்திகரிப்புக்குச் சென்றது. அங்கே எரிசோடா சேர்த்து எஞ்சிய கிருமிகளை அழிப்பார்கள். இடையிலிருந்த குழாயோ பழையது. விரிசல் கண்டு, மரவேர்கள் புகுந்திருந்தன. அவ்வாண்டு ஜூலையில் பெய்த பெருமழையில் கழிவு மண்ணில் கலந்திருக்கலாம்; கட்டுமான லாரிகளின் சக்கரங்களில் ஒட்டிய மண் அதை வெளியே கொண்டு சென்றிருக்கலாம். பேராசிரியர் பிரையன் ஸ்ப்ராட்டின் ஆய்வும், பணியிடப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வும் 2007 செப்டம்பரில் இந்த வழியையே சுட்டின.

குழாய் பழுது என்பது முன்பே தெரிந்த செய்திதான். அதைச் செப்பனிடுவது யார், செலவை ஏற்பது யார் என்பதில் நிறுவனம், மெரியல், வேளாண் அமைச்சகமான டெஃப்ரா மூவருக்கும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. இதிலும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிருமிகளைக் கையாள உரிமம் தந்தது டெஃப்ரா; சோதிக்க வந்ததும் டெஃப்ரா; ஆய்வுப் பணிகளுக்குப் பணம் தந்த முக்கிய வாடிக்கையாளரும் டெஃப்ராதான். தன் வீட்டுக்குத் தானே காவல்காரனும் கணக்கனும் நீதிபதியுமாக இருப்பவன், பழுதைக் கண்டால் யாரிடம் முறையிடுவான்?

எட்டுப் பண்ணைகளில் நோய் கண்டது. ஆரோக்கியமாக இருந்தவை உட்படப் பல மாடுகள் கொல்லப்பட்டன, ஏற்றுமதி நின்றது. ஒரு தவறும் செய்யாத விவசாயிகள் அந்தக் குழாய்க்கு விலை கொடுத்தார்கள்.

பின்னர் சர் பில் கல்லகனின் பரிந்துரைப்படி, சோதனைப் பொறுப்பு டெஃப்ராவிடமிருந்து பணியிடப் பாதுகாப்பு வாரியத்துக்கு மாறியது. பணம் தருபவரும் சோதிப்பவரும் வெவ்வேறானார்கள். 2012இல் நிறுவனம் பிர்பிரைட் நிறுவனம் என்று பெயர் மாறியது; புதிய உயர்பாதுகாப்புக் கட்டடங்களும் எழுந்தன.

நம் நாட்டிலும் கோமாரித் தடுப்பூசிக்காக உயிருள்ள கிருமியைப் பெருமளவில் வளர்க்கிறார்கள். அத்தகைய இடங்களில் விஞ்ஞானிகளின் திறமையைக் கேட்பதோடு, சாக்கடைக் குழாயின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.