கீழே இறங்குவதற்கு முன்

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் சோளக்காடு. கொல்லிமலையின் மிளகும் பலாவும் அன்னாசியும் இந்த வழியாகக் கீழே போகின்றன. முற்றிய புற்றுநோயோடு ஒருவரை நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கொண்டுபோவதும் பெரும்பாலும் இதே வழியில்தான். பகலில், அவர் தெம்பாக இருக்கும்போது போவது ஒரு விதம். நள்ளிரவில் மூச்சு வாங்க ஆரம்பித்து, 108ஐக் கூப்பிட்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே இறங்குவது வேறு விதம். அந்த நேரத்தில் முடிவெடுப்பவர் மகனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். நோயாளியிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்காததற்குக் காரணம் அன்புதான். ஸ்கேன் முடிவு வந்ததும் டாக்டர் மகனை வெளியே கூப்பிட்டுப் பேசுகிறார். மகன் சொல்லும் முதல் வாக்கியம், "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார், மனசு விட்டுடுவாரு." கொஞ்ச நாளில் அப்பாவுக்கு எப்படியும் தெரிந்துவிடும். உடம்பு சொல்லும், வந்து பார்க்கிற உறவினரின் முகம் சொல்லும். ஆனால் மகன் கலங்குவானே என்று அவரும் வாய் திறக்க மாட்டார். ஒருவருக்காக ஒருவர் மறைக்கும் இந்த நாடகத்தை, நோயைக் குணமாக்குவதைவிட வலியையும் வேதனையையும் குறைப்பதில் கவனம் வைக்கும் நோய் ஆதரவு சிகிச்சை (palliative care) தரும் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். சாவைப் பற்றிப் பேசினால் அது நடந்துவிடும் என்ற பயமும், "பாக்காம விட்டுட்டாங்க" என்று சொந்தபந்தம் பேசுமே என்ற பயமும் இதில் சேர்ந்துகொள்கின்றன. இரண்டாவது பயம்தான் பெரியது என்பது என் கணிப்பு. கடைசி வாரத்தில் கடன் வாங்கி ஐசியுவில் சேர்ப்பது பல நேரம் நோயாளிக்காக அல்ல, ஊர் வாய்க்காக.

பதமாகக் கேட்டால் பெரும்பாலோர் பேசுவார்கள். வலி இருக்கக் கூடாது, சொந்த வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகள் தலையில் கடனை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பார்கள். எல்லோரும் இப்படிச் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாய், எந்த ஊசியானாலும் போடுங்கள், இன்னும் ஆறு மாதம் கொடுங்கள் என்று கேட்கலாம். அதுவும் கடைசிக் காலத்துக்கான ஒரு திட்டம்தான், அதையும் மதிக்க வேண்டும். முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூத்த மகனிடம் விட்டுவிடுபவர்களும் உண்டு. அப்படி விடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பதில் மாதத்துக்கு மாதம் மாறலாம் என்பதால் ஒருமுறை கேட்டது போதாது.

எப்படிக் கேட்பது? நோயின் பெயரில் தொடங்கத் தேவையில்லை. "அப்பா, டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். சரி என்றால் இன்னொரு நாள், "ரொம்ப முடியாமப் போச்சுன்னா கீழ கூட்டிட்டுப் போகட்டுமா, இங்கயே வெச்சுப் பாத்துக்கட்டுமா?" மலையில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதித் திட்டம் முடிந்தது.

மீதிப் பாதி வலி. வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வலிக்கு வழி செய்யாவிட்டால் அது கொடுமை. புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மாத்திரை விலை குறைந்த, நன்கு தெரிந்த மருந்து. போதை மருந்து, அடிமையாகிவிடுவார், சீக்கிரம் செத்துவிடுவார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மருத்துவர் மேற்பார்வையில் வலியின் அளவுக்கேற்பக் கொடுத்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கான மருந்தைக் கூடவே கேட்டு வாங்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் மருத்துவமனைகள் இதை வாங்கி வைக்கவே பல உரிமங்கள் தேவைப்பட்டன. 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகள் எளிதாக வாங்கலாம் என்றானது. ஆனாலும் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. அதனால் கீழே சிகிச்சைக்குப் போகும்போதே, "மார்ஃபின் இங்கே உண்டா, மாதம் ஒருமுறை யார் வந்து வாங்கலாம்?" என்று கேட்டு வைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை எல்லோரும் பிரஷர், சுகர் மாத்திரையோடுதான் சேர்த்து நினைக்கிறோம். படுக்கையில் கிடப்பவரை வீடு தேடி வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் அடங்கும். மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். புண்ணைச் சுத்தம் செய்வதற்கும், மூத்திரக் குழாய் மாற்றுவதற்கும் 70 வளைவு இறங்க வேண்டியதில்லை. எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகுதான் இது என்று காத்திருக்கவும் வேண்டாம். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் கடைசிக் காலத்தில் கடுஞ்சிகிச்சை குறைவாகவே பெற்றார்கள். ஆனாலும் மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

இனி சட்டம். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவர் எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்லலாம். நோயாளியின் சம்மதம் இல்லாமல் சிகிச்சை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. சிக்கல் நினைவு தப்பிய பிறகுதான் வரும். அதற்காகத்தான், அப்போது எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் 'லிவிங் வில்'. 'காமன் காஸ்' வழக்கில் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது வாழும் உரிமையின் பகுதி என்று கூறி இதை அங்கீகரித்தது. சிங்கப்பூரில் இதற்கான சட்டம் 1996லேயே வந்துவிட்டது. நமக்குத் தீர்ப்பு வந்தும், மாஜிஸ்திரேட் முன்னால் போய்க் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையால் அது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதை எளிதாக்கியது.

இப்போது என்ன செய்ய வேண்டும்? 18 வயது நிரம்பியவர், தெளிந்த மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். குணமாக வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டாம், மூக்குக் குழாய் வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தனக்காக முடிவு சொல்லக்கூடிய நெருங்கிய உறவினரின் பெயரையும் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளிப்பார். இதில் நோட்டரிக்காக மலை இறங்க வேண்டிய அவசியமில்லை. மலைமேலேயே செம்மேட்டில் தாலுகா அலுவலகம் இருக்கிறது, அங்கே கெசட்டட் அதிகாரி யாரென்று விசாரிக்கலாம். ஒரு நகல் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரிக்குப் போக வேண்டும், ஒன்று குடும்பத்திடம், இன்னொன்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். சொத்து உயிலோடு இதைச் சேர்த்து எழுதிவிடாதீர்கள். அது இறந்த பிறகு பிரித்துப் பார்ப்பது, இது உயிர் இருக்கும்போதே தேவைப்படுவது.

இந்தக் காகிதம் எதைச் செய்யாது என்பதும் தெரிய வேண்டும். நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவர் வாய்ச்சொல்லே செல்லும், காகிதம் அல்ல. உயிரைப் போக்க ஊசி போடச் சொல்ல இதில் வழியில்லை, அது குற்றம். வலி நிவாரணத்தையும் பராமரிப்பையும் இது நிறுத்தாது. மருத்துவமனையில் உயிர்காக்கும் கருவியை விலக்குவதென்றால் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும், ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுதி வைக்காதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

நடைமுறையில் மலைக் குடும்பங்கள் அந்த அளவுக்குப் போவதே அரிது. வழக்கமாக நடப்பது வேறு: பணம் தீர்ந்ததும் 'மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வலி மாத்திரைகூட இல்லாமல் மலை ஏறிவிடுவது. அந்தக் கையெழுத்தைப் போடுமுன் கேளுங்கள்: "குணப்படுத்த முடியாதுன்னா, வீட்டில் வைத்துப் பார்க்க முறையாக டிஸ்சார்ஜ் எழுதுங்க. வலிக்கு, மூச்சுத் திணறலுக்கு, தூக்கத்துக்கு என்ன கொடுக்கணும், ராத்திரி யாருக்கு போன் பண்ணணும்னு எழுதிக் குடுங்க." இது சலுகை இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், நோய் பற்றிய தகவலும் மருத்துவ ஆவண நகலும் பெறும் உரிமை இருக்கிறது. பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது.

அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். நாள்பட்ட நோயால் வீட்டில் இயல்பாக நேரும் மரணம் போலீஸ் விஷயம் அல்ல, என்றாலும் காரணம் கேட்பவருக்குக் காட்ட அது உதவும். மரணத்தை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றும் கிடைக்காது, வங்கிக் கணக்கில் உள்ள பணத்தையும் எடுக்க முடியாது.