காட்சிச்சாலையில் காத்த உயிரினம் திரும்பிச் செல்லக் கரை வேண்டும்

அருகிவரும் உயிரினங்களின் பாதுகாப்புப் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் மிருகக்காட்சிச்சாலைகளின் பணி குறித்தும் கடல்வாழ் உயிரினக் காட்சியகங்களின் பணி குறித்தும் விவாதம் எழுவது வழக்கமாகும். உயிரினங்களைக் கூண்டிலும் கண்ணாடித் தொட்டியிலும் அடைத்து வைப்பது கொடுமை என்று ஒரு சாராரும், அவை இல்லாதிருந்தால் பல இனங்கள் என்றோ அழிந்திருக்கும் என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். இவ்விரு வாதங்களிலும் உண்மை உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே, கடலும் களப்பும் காடும் அருகருகே அமைந்த கதிரவெளியிலிருந்து இவ்விடயத்தை நோக்கினால், எந்த வாதம் எங்கே பொருந்தும் என்பது தெளிவாகும் என நாம் கருதுகின்றோம்.

ஆரம்பகால மிருகக்காட்சிச்சாலைகள் உயிரினப் பாதுகாப்பை நோக்கமாகக் கொண்டு உருவானவையல்ல. எமது நாட்டின் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மானிய விலங்கு வணிகரின் சேகரிப்பாகத் தொடங்கி, 1936ஆம் ஆண்டில் அரசின் பொறுப்பில் வந்தது. அக்காலத்தில் காட்டிலிருந்து பிடித்துக் காட்சிக்கு வைப்பதே வழக்கமாக இருந்தது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைமை மாறியது. இன்று பொறுப்புடன் இயங்கும் காட்சிச்சாலைகள் ஒவ்வொரு விலங்கின் பரம்பரையையும் பதிவேட்டில் குறித்து, நெருங்கிய உறவுள்ளவை இணையாதவாறு தமக்கிடையே விலங்குகளைப் பரிமாறிக் கொள்கின்றன. சிறு தொகையிலிருந்து பெருகும் இனத்தில் பிறவிக் குறைபாடுகள் மலியாமல் தடுப்பதே இதன் நோக்கமாகும்.

இம்முறையின் பெருமைக்கும் எல்லைக்கும் அரேபிய ஓரிக்ஸ் என்ற வெண்ணிற மானினத்தின் வரலாறு சான்றாகும். பாலைவனங்களில் வாகனங்களும் துப்பாக்கிகளும் பெருகியதால் இவ்வினம் வேட்டையாடப்பட்டு, 1972இல் ஓமானில் எஞ்சியிருந்தவையும் கொல்லப்பட்டதுடன் இயற்கையில் அற்றுப்போனது. எனினும் 1963இலேயே அமெரிக்காவின் பீனிக்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் ஒன்பது விலங்குகளைக் கொண்டு ஒரு மந்தை உருவாக்கப்பட்டிருந்தது. பாலைவனத்தில் பிடிக்கப்பட்டவையும், இலண்டன் மிருகக்காட்சிச்சாலை, குவைத், சவூதி அரேபியா ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டவையும் அதில் அடங்கின. அவற்றின் வழிவந்தவை 1982இல் ஓமான் பாலைவனத்தில் மீண்டும் விடப்பட்டன.

கதை அத்துடன் முடியவில்லை. 1996இல் ஓமானில் ஏறத்தாழ 450ஆக இருந்த அவற்றின் தொகை, சட்டவிரோத வேட்டையால் 2007 அளவில் 65ஆகச் சுருங்கியது. உலக மரபுரிமைச் சின்னமாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்த அச்சரணாலயத்தின் பரப்பை ஓமான் அரசு 90 வீதத்தால் குறைத்ததைத் தொடர்ந்து, 2007இல் யுனெஸ்கோ அதனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பட்டியலிலிருந்து ஓர் இடம் நீக்கப்பட்டது அதுவே முதன்முறையாகும். ஏனைய அரபு நாடுகளிலும் ஓரிக்ஸ் விடப்பட்டிருந்தமையால் இனம் தப்பியது. 2011இல் அதன் அபாயநிலை தளர்த்தப்பட்டது. மிருகக்காட்சிச்சாலை ஓரினத்தை மீட்டுத் தரலாம். அது வாழும் நிலத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு அந்நாட்டினதே என்பதை இவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.

மிருகக்காட்சிச்சாலைகளை நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலுக்கு ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். ஒப்பீடு பொருத்தமானதே. ஆனால் அக்கப்பலில் ஏறிய உயிரினங்கள் வெள்ளம் வடிந்த பின்னர் இறங்கி வாழ நிலம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எமது நாட்டு யானைகளின் விடயத்திலும் இதே வேறுபாட்டைக் காணலாம். 1975இல் தொடங்கப்பட்ட பின்னவல யானைகள் அநாதை இல்லத்தில் 1984 முதல் குட்டிகள் பிறந்து வருகின்றன. உலகெங்கிலுமிருந்து மக்கள் அவற்றைக் காண வருகின்றனர். ஆயினும் அங்கு பிறப்பவை காட்டுக்குச் செல்வதில்லை. 1995இல் உடவளவையில் அமைக்கப்பட்ட யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையமோ, தாயை இழந்த குட்டிகளை மனிதருடன் பழகவிடாது வளர்த்து, நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் காட்டில் விட்டிருக்கின்றது. பாதுகாப்பு என்ற சொல் இவ்விரண்டாவது பணிக்கே முழுமையாகப் பொருந்தும்.

கடலைப் பொறுத்தவரை விடயம் மேலும் சிக்கலானது. கதிரவெளிக்குத் தெற்கே காயங்கேணியில் முருகைக்கற்பாறைகள் நிறைந்த கடற்பகுதி 2019இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1998இல் கடல்நீர் அளவுமீறி வெப்பமடைந்தபோது இலங்கையைச் சூழவுள்ள முருகைக்கற்பாறைகள் பல வெளிறி அழிந்தன. இத்தகைய பேரழிவின்போது காட்சியகங்கள் உதவ முடியும். 2023இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடல் கொதித்தபோது, ஆய்வாளர்கள் முருகை உயிரிகளைக் கடலிலிருந்து எடுத்துத் தரையிலுள்ள தொட்டிகளில் வைத்துப் பேணினர். ஆனால் எமது கரையில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மறுதலையானது. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் கடல்சார் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை கிழக்குக் கரை உட்பட இயற்கைப் பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவையே. முருகையை மட்டுமே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் சில, வீட்டுத் தொட்டியில் பட்டினியால் மடிகின்றன. மீன் தொட்டி என்ற ஒரே சாதனம் ஓரிடத்தில் இனத்தைக் காக்கவும் மற்றோரிடத்தில் குறைக்கவும் பயன்படுகின்றது.

கடலாமைகளின் நிலையும் கவனத்திற்குரியது. பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை ஆகிய ஐந்தினங்களும் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. 1972 முதல் இவை சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டுள்ளன. தென்மேற்குக் கரையில் முட்டைகளை விலைகொடுத்து வாங்கி மணலில் புதைத்துப் பொரிக்கவைக்கும் நிலையங்கள் பல உள்ளன. முட்டைகள் உணவாவதை அவை தடுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதற்காகக் குஞ்சுகளை நாட்கணக்கில் தொட்டியில் வைத்திருப்பது தவறாகும். பொரித்த குஞ்சின் உடலில் எஞ்சியுள்ள மஞ்சட்கருவே முதல் சில நாட்கள் ஆழ்கடலை நோக்கி நீந்துவதற்கான சக்தியாகும். அது தொட்டியில் வீணாகிவிடுகின்றது. மேலும், மணலின் வெப்பநிலையே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கின்றது. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளே மிகுந்து பிறக்கும். இடம்மாற்றிப் புதைக்கும்போது இவ்வியற்கைச் சமநிலை குலையக்கூடும்.

உலகளவில் அழிவின் விளிம்பிலுள்ளதாகக் கணிக்கப்பட்டிருந்த பேராமை, 2025 ஒக்டோபரில் அபூதாபியில் நடைபெற்ற இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டின்போது அபாயப் பட்டியலின் மிகக் குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது. அது முட்டையிடும் கரைகளைக் காவல் செய்ததும், முட்டை மற்றும் இறைச்சிக்கான வேட்டையைக் கட்டுப்படுத்தியதும், வலைகளில் சிக்கி இறப்பதைக் குறைத்ததுமே இம்மீட்சிக்குப் பிரதான காரணங்களாகும். அழுங்காமையோ இன்னமும் மிகக் கடும் அபாயநிலையிலேயே உள்ளது.

இதிலிருந்து கதிரவெளி மக்களும், வாழைச்சேனை, ஓட்டமாவடி கடற்றொழிலாளர்களும் அறிந்துகொள்ள வேண்டியது உண்டு. இன்று கடலில் இறங்கும் பேராமைக் குஞ்சு முதிர்ச்சியடைய இரு தசாப்தங்களுக்கு மேலாகும். முட்டையிடும் காலத்தில் அது தான் பிறந்த கரைப்பகுதியையே நாடிவரும். அப்போது அங்கு மணல் இருக்குமா என்பதே கேள்வியாகும். வாகரைப் பிரதேசக் கரையோரத்தில் இல்மனைட் மணல் அகழ்வுக்கும், களப்பை அண்டிய இறால் பண்ணைகளுக்கும் எதிராக மக்கள் அண்மைய ஆண்டுகளில் குரல் எழுப்பியமை இதனாலேயே வெறும் தொழிற்பிரச்சினையாக நோக்கப்படலாகாது. கண்டல் காடு அழிந்தால் இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடம் அழியும். அதனுடன் தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் அடுப்பும் அணையும்.

ஆகவே சம்பந்தப்பட்டோரிடம் நாம் சிலவற்றை வலியுறுத்த விரும்புகின்றோம். ஆமை முட்டையிடும் இடங்களை அவ்விடத்திலேயே பாதுகாக்கும் பணியில் உள்ளூர் இளைஞர்களைக் கொடுப்பனவுடன் ஈடுபடுத்த வனஜீவராசிகள் திணைக்களம் முன்வர வேண்டும். வலையில் சிக்கிய ஆமையை விடுவிக்கும் கடற்றொழிலாளி, வலையை வெட்ட நேரும்போது அடையும் நட்டத்திற்கு ஈடு வழங்க வழி காணப்பட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையின் உயிரினங்கள் பற்றிய தரவுகளைத் தமிழில் மக்கள் முன்வைக்க வேண்டும். கரையோர அபிவிருத்தி பற்றிய எந்தத் தீர்மானமும் அக்கரையில் வாழ்வோரின் சம்மதத்துடனேயே எடுக்கப்பட வேண்டும்.

தெஹிவளைக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் கிழக்கிலங்கை மாணவர்கள் அங்கு கண்ணாடிக்குப் பின்னால் மீன்களைக் காண்பது நன்றே. அவற்றுட் பல தமது ஊர்க் கடலிலும் நீந்துகின்றன என்பதையும், அவற்றுக்குக் காவலர் தாமே என்பதையும் ஆசிரியர்கள் அவர்களுக்கு எடுத்துரைப்பார்களாயின் அப்பயணம் மேலும் பயனுடையதாகும்.