சொல்லி வைத்த சரக்கும் கல்லாக் கணினியும்

பொன்முடி மலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, சுமார் 60 கிலோமீட்டர் கடந்து திருவனந்தபுரத்தின் ‘சாலை’ கடைவீதிக்கு வருகிறார் ஒருவர். திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சந்தை அது. அங்கே ஒரு கடையில் அவர் கேட்ட பொருள் வேண்டிய அளவில் இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார்.

இங்கேதான் பல கடைகள் சறுக்குகின்றன. முன்பணத்தை அன்றைய விற்பனையாகவே பில் போட்டுவிடுகிறார்கள். கையிருப்பில் இல்லாத சரக்கு கணக்கில் கழிந்துபோகும்.

முன்பணம் விற்பனை அல்ல, சரக்கைத் தரும்வரை வாடிக்கையாளருக்குக் கடை பட்டிருக்கும் கடன். நல்ல பில்லிங் மென்பொருள் அதை ஆர்டர் எண்ணோடு தனியே வைத்திருக்கும். சரக்கு வந்ததும் அந்தப் பெயருக்கு ஒதுக்கி, வேறு யாருக்கும் விற்கவிடாமல் தடுக்கும். இறுதி பில்லில் முன்பணத்தைக் கழிக்கும்.

வரிச் சட்டமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 2017 நவம்பர் 15 முதல், பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே ஜி.எஸ்.டி. கட்டவேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். சேவைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ரசீதில் ஆர்டர் எண், அளவு, நிறம், மீதித்தொகை, வரும் தேதி எல்லாம் இருக்கவேண்டும். சரக்கு வரத் தாமதமானால், மலையிலிருந்து வருபவரை முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லாமல் வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அநியாயம்.