ஏஸ் வந்தால் போதுமா, ஸார்?

சீட்டுக்கட்டில் 52 சீட்டு. (ஜோக்கரை விடுங்கள். அவர் பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருப்பார்!) இந்த 52-க்கும் கண் கிடையாது, காது கிடையாது. ஆடுகிறவர் பத்து வருஷ அனுபவசாலியா, நேற்றுத்தான் கற்றுக்கொண்டவரா என்று விசாரிக்கிற பழக்கமும் கிடையாது. இந்தச் சின்ன விஷயம் மறந்துபோய், லாஸ் வேகாஸில் பெரிய பெரிய போக்கர் புலிகளே தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்!

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். இன்று அதிகம் ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டெம் என்கிற வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடிக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம். சரிப்படாது என்று தோன்றினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

கைக்கு வருகிற இரண்டும் ஏஸாக இருந்தால் ராஜயோகம். 221 தடவைக்கு ஒரு தடவைதான் அப்படி வரும். நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்குச் சுமார் 30 ஆட்டம். அதாவது, சராசரியாக ஏழு மணி நேரம் தவம் இருந்தால் ஒரு தரிசனம்!

இவ்வளவு காத்திருந்தவர் மொத்தப் பணத்தையும் நடுவில் தள்ளுகிறார். எதிராளியிடம் இரண்டு ராஜா. நூற்றுக்குச் சுமார் 82 தடவை ஏஸ்தான் ஜெயிக்கும். மீதி 18? அங்கேதான் வில்லங்கம்.

பதினெட்டு செய்யும் பஞ்சாயத்து

82 என்பதை நம் மனசு 100 என்று வாசித்துவிடுகிறது. கடைசிச் சீட்டாக ஒரு ராஜா வந்து விழுந்ததும், "என் பணத்தை அடிச்சுட்டான்யா!" என்று அலறுகிறது. யாரும் அடிக்கவில்லை, ஸார். அந்த 18 பங்கு முதலிலிருந்தே எதிராளி பேரில் எழுதிவைத்தது.

தோற்றால் வலிக்கும். அது இயற்கை. ஆனால் 'இது எனக்கு வந்திருக்க வேண்டியது' என்று நினைக்க ஆரம்பித்தால், தோற்ற பணம் போன பணமாக இருக்காது. 'பாக்கி'யாக மாறிவிடும். பாக்கி என்றால் வசூல் பண்ணத்தானே தோன்றும்? எல்லா வினையும் இங்கே ஆரம்பம்.

மெஷின் நின்றுபோச்சு!

நிதானம் இழந்து ஆடுவதற்கு போக்கர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டில்ட்'. பின்பால் மெஷினிலிருந்து வந்த வார்த்தை. குண்டு நமக்குச் சாதகமாக உருளட்டும் என்று மெஷினைப் பிடித்து உலுக்கினால், 'டில்ட்' என்று விளக்கு எரிந்து ஆட்டமே நின்றுவிடும். ஜாரட் டெண்ட்லர் என்ற மனப்பயிற்சியாளர் 2011-ல் வெளியான தன் புத்தகத்தில் டில்ட்டை ஏழு வகையாகப் பிரிக்கிறார். அதில் ஒன்று, 'ஜெயிப்பது என் உரிமை' என்கிற வகை.

இந்த வியாதி வந்தவர் என்னென்ன செய்வார்?

ஒன்று: தோற்கப்போவது தெரிந்தாலும் சீட்டைக் கவிழ்க்க மனசு வராது. "ஏழு மணி நேரம் கழிச்சு வந்த ஏஸ், எப்படி விடறது?"

இரண்டு: விட்டதை ஒரே வீச்சில் பிடிக்க, தன் சக்திக்கு மீறிய பெரிய பந்தய மேஜைக்குப் போவார்.

மூன்றுதான் ரொம்ப மோசம். ஜெயித்தால் திறமை, தோற்றால் துரதிர்ஷ்டம் என்று வரவு செலவு எழுதுவார். தப்பே செய்யாதவர் எதைத் திருத்திக்கொள்வார்? படிப்பு அன்றோடு நின்றது.

கணக்கர் கொடுத்த அடி

2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் பிரதானப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், போட்டியாளர்கள் 839 பேர். அவர்களில் ஒருவர் டென்னஸி மாநிலத்து கணக்கர், வயசு 27. நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி, இணையத்தில் ஜெயித்து இடம் பிடித்தவர். பெயர் கிறிஸ் மணிமேக்கர். (நிஜப் பெயரே அதுதான், ஸார்!)

பத்துப் பேர் மிச்சமிருந்தபோது அவர் மோதியது ஃபில் ஐவியுடன். ஐவி அதற்குள் இந்தத் தொடரில் நாலு பட்டம் வாங்கியிருந்தவர். நாலாவது பொதுச் சீட்டு விழுந்தபோது ஐவியின் கையே உசத்தி. மணிமேக்கருக்குத் தோராயமாக ஆறில் ஒரு வாய்ப்பு. கடைசிச் சீட்டு ஒரு ஏஸ். ஐவி வெளியே! கணக்கர் 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார்.

அநியாயமா? அடுத்த மூன்று வருஷத்தைப் பாருங்கள். போட்டியாளர் எண்ணிக்கை 2004-ல் 2,576. 2006-ல் 8,773. 'ஒரு கணக்கரே ஜெயிக்கிறார், நாம ஜெயிக்க மாட்டோமா' என்று கிளம்பிய கூட்டமும் அதில் உண்டு. பந்தயப் பணத்தை இவர்கள் கொண்டுவந்து கொட்டியதால்தான் கெட்டிக்காரர்களுக்கு வருமானம். புதுசாக ஆடுகிறவர் எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்தால் மறுநாள் வருவாரா? அவருக்கு அவ்வப்போது அடிக்கிற அந்த 18 பங்குதான், நல்ல ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு முதல்.

இது புரியாமல் சிலர், "இந்தச் சீட்டை வெச்சுக்கிட்டு எவனாவது பணம் கட்டுவானா?" என்று புதியவரிடம் எகிறுவார்கள். திட்டு வாங்கியவர் ஒன்று, எழுந்து போய்விடுவார். இல்லை, திருந்தி நன்றாக ஆடுவார். இரண்டிலும் நஷ்டம் திட்டினவருக்குத்தான்!

"என்ன முடிவு எடுத்தாய்?"

மரியா கொன்னிகோவா என்ற மனோதத்துவ டாக்டர், போக்கர் கற்றுக்கொண்ட கதையை 2020-ல் புத்தகமாக எழுதினார். குரு, பழுத்த ஆட்டக்காரர் எரிக் செய்டெல். 'இப்படி நல்ல சீட்டு வந்தும் தோத்துட்டேன்' என்று சிஷ்யை புலம்ப வந்தால், குரு காது கொடுக்க மாட்டார். எந்த இடத்தில் என்ன யோசித்து என்ன முடிவு எடுத்தாய் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். சீட்டு நம் கையில் இல்லை. முடிவு நம் கையில்.

போக்கரில் முடிவுக்காவது கொஞ்சம் மரியாதை உண்டு. செல்போனில் எதையோ ஆடி, 'நாலு நாளா விட்டிருக்கேன், இன்னிக்கு வந்தே ஆகணும்' என்று சம்பளத்தையும் அப்புறம் கடனையும் இறக்குகிறவரை ஆட்டுவிப்பதும் அதே 'பாக்கி' நினைப்புதான். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் போட்டது. செல்போனுக்குச் சட்டம் போடலாம். மனசுக்குள் எழுதி வைத்திருக்கும் பாக்கிக் கணக்கை அவரவரே கிழித்தால்தான் உண்டு.

ஏனென்றால், கட்டை எத்தனை தடவை கலைத்துப் போட்டாலும் வருவது அதே 52 சீட்டு. அதில் புரோநோட்டு என்று ஒரு சீட்டு கிடையாது!